அண்ணி சொன்ன மூன்றாம் அடையாளம்

என் பிரியமான ரெஜினா அண்ணிக்கு,

முதலில் நான் கவனித்தது அந்த மனிதரின் காதைத்தான். பசறையில் நம் ஸ்டூடியோ மேசைமேல், அண்ணன் அப்போதுதான் பிரிண்ட் எடுத்து வைத்திருந்த பெரிய படம் கிடந்தது. அடியில் சவரிமுத்து என்று பெயர். வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை, எல்லாம் பொருத்தமாகத்தான் இருந்தது. இடது காது மட்டும் முழுசாக இருந்தது.

உங்களுக்குத் தெரியும், நான் ஆட்களின் கண்ணைப் பார்த்துப் பேச மாட்டேன். கடைக்கு வருகிறவர்கள் ஏதாவது கேட்டால் அவர்களின் காதைப் பார்ப்பேன், இல்லாவிட்டால் கையைப் பார்ப்பேன். "இவகிட்ட முகத்தக் காட்டிப் பிரயோசனமில்ல, காதக் காட்டுங்க" என்று வருகிறவர்களிடம் சொல்லி நீங்கள் சிரிப்பீர்கள். கடைக்கு வந்துபோகும் சவரிமுத்து மாமாவின் காது எனக்கு நன்றாகத் தெரியும். மேல் ஓரத்தில் ஒரு சின்னத் துண்டு இருக்காது.

வருகிற ஞாயிறு உங்கள் வருஷப் பூசை. ஃபாதர் நினைவு மலருக்கு நாலு வரி எழுதித் தரச் சொன்னார். நாலு வரியில் அடங்கவில்லை அண்ணி. நீங்கள் கடைசியாகச் செய்யச் சொன்ன ஒரு வேலையை நான் செய்யாமல் விட்டுவிட்டேன். அதனால் ஏழு பேரின் படம் அழிந்துபோனது. அந்த ஏழு பேரின் வீட்டிலும் இந்த மலரைப் படிப்பார்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிற கடிதத்தை எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

நம் அலுமாரியைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது அல்லவா? அதையும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் கேளுங்கள்.

நீங்கள் ஹாலிஎலவிலிருந்து கல்யாணமாகி வந்தபோது நான் பத்தாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டிருந்தேன். அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததால், பக்கத்தில் இருக்க ஆள் வேண்டியிருந்தது. அம்மா எழுந்து நடந்த பிறகு திரும்பிப் போக வெட்கமாக இருந்தது. ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். நீங்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள்.

"பள்ளிக்கூடத்துக்குப் போறியா, கடைக்கு வர்றியா?"

"கடைக்கு."

"அப்ப நாளைக்கு எட்டரை பஸ். தலை பின்னிட்டு நில்லு."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு என்னிடம் அந்தப் பேச்சை யாரும் எடுக்க நீங்கள் விடவில்லை.

அந்த வருஷ மழையில் இடி விழுந்து கரண்ட் போனது ஞாபகம் இருக்கிறதா? டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டதால் ஒரு கல்யாணத்தின் பாதிப் படங்கள் காணாமல் போயின. பழையதும் இல்லை, புதியதும் இல்லை. பெண் வீட்டார் வந்து கடை வாசலில் நின்று ஏசிவிட்டுப் போனார்கள். நீங்கள் அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, அவர்கள் போனதும் அண்ணனிடம் சொன்னீர்கள்.

"போட்டோ வைக்கிறதுக்கு நான் ஒன்னு எழுதுறேன்."

"கம்ப்யூட்டர் வாங்கும்போதே அதுக்குள்ள எல்லாம் இருக்குமே. நீ என்ன புதுசா எழுதப் போற?"

"இருக்கு. ஆனா இடி விழுந்தா அது ஓடிப்போயிருது. நான் எழுதுறது ஓடாது."

அண்ணன் கேலிதான் செய்தார். பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்து ஐடி கார்ட் படத்துக்கு ஆளைத் தலை சீவச் சொல்லிக்கொண்டிருக்கிறாளே என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு கவலையும் இருந்தது. நீங்கள் உங்கள் லெப்டொப்பைத் திறந்து மழை விடும்வரை எழுதினீர்கள். மழை பல நாள் விடவில்லை.

டிஸ்க் முழுவதையும், தோட்டத்து லயத்தில் வரிசையாக இருக்கிற காம்பரா வீடுகள் மாதிரி ஒரே அளவு அறைகளாகப் பிரித்தீர்கள். ஓர் அறைக்கு ஒரு படம். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சிட்டை. அதில் ஆளின் பெயர், தோட்டம், எத்தனையாம் அறை என்ற எண். எதையாவது மாற்றினால் பழையதன் மேல் எழுதாது. வேறு இடத்தில் முழுசாக எழுதி முடித்த பிறகுதான் பழையதை விடும். நடுவில் கரண்ட் போனாலும் பழையது பத்திரமாக இருக்கும். அதற்கு அலுமாரி என்று பெயர் வைத்தீர்கள்.

ஒவ்வொரு சிட்டையின் தலையிலும் 1 என்று ஓர் எண் இருந்தது. அது எதற்கு என்று கேட்டேன்.

"இது எந்த முறையில எழுதின சிட்டைன்னு சொல்றதுக்கு. நாளைக்கு நான் முறைய மாத்துவேன் ஜெசி. மாத்தாம இருக்க முடியாது. அப்ப பழசப் பார்த்த ஒடனே இது பழசுன்னு தெரியணும்ல?"

முதல் சிட்டையை எழுதும்போதே அதை மாற்றப் போகும் நாளை நினைத்தீர்களே! எனக்கு அப்போது அது விளங்கவில்லை. இப்போது அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன்.

அந்த நாளை வரவைத்தது நான்தான். நம் தோட்டங்களில் தனியாகப் படம் எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. ஐடி கார்டுக்கு ஒரு தடவை, அதோடு சரி. செத்த வீட்டிலிருந்து வருகிறவர்கள் யாருடைய கல்யாணப் படத்தையாவது சொல்லி, அதில் ரெண்டாம் வரிசையில் நிற்கிறவரை மட்டும் வெட்டிப் பெரிசாக்கித் தாருங்கள் என்பார்கள். பெட்டி தூக்குவதற்குள் அந்தப் படம் தலைமாட்டுக்கு வந்து சேர வேண்டும். உங்கள் சிட்டையில் மாப்பிள்ளையின் பெயர் மட்டும்தான் இருந்தது. ரெண்டாம் வரிசையில் நின்றவரைத் தேட நான் ஒரு பகல் முழுவதும் படங்களைப் புரட்டினேன். அதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

"ஒரு படத்துக்கு ஒரு பேரு பத்தாது அண்ணி. நிக்கிறவங்க எல்லார் பேரும் வேணும். யாரு எந்த எடத்துல நிக்கிறாங்கன்னும் வேணும்."

"நாப்பது பேரு நிப்பாங்களேடி. அத்தனை பேரையும் யாரு எழுதுறது?"

"நான்."

நான் அவ்வளவு சத்தமாகப் பேசி நீங்கள் கேட்டதில்லை. சரி என்றீர்கள். சிட்டையின் தலையில் இருந்த 1 அப்போதுதான் 2 ஆனது. இருந்த பழைய சிட்டைகளை ஒரே நாளில் நீங்கள் மாற்றவில்லை. "கடைய மூடிட்டா மாத்துறது? யாராச்சும் கேட்டு ஒரு படத்தத் திறக்கும்போது அந்தச் சிட்டை மட்டும் மாறிக்கட்டும். யாரும் கேக்காதது அப்படியே இருக்கட்டும், அதுக்கு ஒன்னும் அவசரமில்ல" என்றீர்கள். அப்படித்தான் பழைய முறையும் புதிய முறையும் ஒரே டிஸ்க்கில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

அந்த நேரம் நான் இன்னொன்றும் கேட்டேன். சிட்டையின் கடைசியில் கொஞ்சம் வெறும் இடம் விட்டு வையுங்கள், அடுத்த தடவையும் நான் ஏதாவது கேட்பேன் என்று. நீங்கள் அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னீர்கள்: "பாத்தீங்களா? உங்க தங்கச்சி இப்பவே அடுத்த சண்டைக்கு எடம் புடிச்சு வைக்கிறா. நாத்தனார்னா இப்படித்தான் இருக்கணும்." ஆனால் இடம் விட்டீர்கள்.

மூன்று அடையாளங்களையும் அதே வாரத்தில்தான் வைத்தீர்கள். டிஸ்க்கின் முன்பக்கத்தில் அவற்றுக்கு ஓர் இடம். பிற்காலத்தில் முறை மாறும்போது, பழைய அலுமாரி புதிய டிஸ்க்கைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்று அந்த அடையாளம் சொல்லும். முதலாவது இருந்தால், உனக்கு இது விளங்காவிட்டாலும் பரவாயில்லை, உன் வேலையைப் பார். இரண்டாவது இருந்தால், படத்தைப் பார்க்கலாம், எதையும் எழுதக் கூடாது. மூன்றாவது இருந்தால், தொடவே கூடாது.

எனக்குப் புரியவில்லை என்றதும் வீட்டுக் கதையைச் சொன்னீர்கள்.

"நான் கல்யாணமாகி வந்தப்ப உங்க அம்மா எனக்கு மூணு அடையாளமும் போட்டாங்கல்ல? மரக்கறித் தோட்டம், தெரியாட்டியும் பரவாயில்ல. அடுப்படி, பாக்கலாம், கை வைக்கக் கூடாது. அந்த ஊறுகாய் ஜாடி, தொடவே கூடாது."

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "இப்ப மட்டும் அந்த ஜாடி என்கிட்டயா இருக்கு?"

நீங்கள் சிரித்த சிரிப்பில் லெப்டொப் மடியிலிருந்து விழப் பார்த்தது. அம்மா இப்போதும் ஊறுகாய் போடுகிறார். உங்களுக்குப் பிடித்த மாதிரி காரம் கூடத்தான் போடுகிறார். அதை அவர் யாரிடமும் சொல்வதில்லை.

பிறகு உங்களுக்கு நோய் வந்தது. அந்த மாதங்களைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அலுமாரிக்கும் அதே மாதங்களில்தான் இடம் முட்டியது. சிட்டையில் அறை எண்ணுக்கு நீங்கள் ஒதுக்கிய இடம் அறுபத்தையாயிரத்துச் சொச்சம் வரைதான் தாங்கும். அதற்கு மேல் போனால் எண் மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். "இன்னும் அஞ்சாறு வருஷம் தாங்கும்னு நெனச்சேன். ஒரு கல்யாணத்துக்கு ஆயிரம் படம் எடுக்குறாங்களே" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து தலையில் அடித்துக்கொண்டீர்கள்.

அன்று நான் கேட்டு வாங்கிய வெறும் இடத்தில்தான் மீதியை வைத்தீர்கள். அறை எண் எத்தனையாவது சுற்று என்று சொல்ல இன்னொரு எண். முதல் சுற்றில் ஐந்தாம் அறை என்றால் பழைய படம். இரண்டாம் சுற்றில் ஐந்தாம் அறை என்றால், அறுபத்தையாயிரத்தைத் தாண்டிய வேறொரு படம். கொப்பித் தாளில் நீங்கள் எழுதித் தருவீர்கள், நான் கடைக் கம்ப்யூட்டரில் அடிப்பேன். பின்னேரம் பார்க்க வரும்போது எங்கே தவறு காட்டியது என்று வாசிப்பேன். பக்கத்துக் கட்டில் அம்மா நாம் ஏதோ செபம் சொல்கிறோம் என்று நினைத்து அவரும் கும்பிடுவார். சிட்டையின் தலையில் 3 என்று வந்த அன்று நாம் அவருக்கும் சேர்த்து பணிஸ் வாங்கிக் கொடுத்தோம்.

கடைசித் தாளின் கீழே இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தீர்கள். எல்லாம் சரியா ஓடினதும் மூன்றாம் அடையாளத்தைப் போடு. மறக்காதே.

"போட்டியா?"

"போடுறேன் அண்ணி."

அடுத்த நாளும் கேட்டீர்கள். அப்போதும் அதையேதான் சொன்னேன். அதற்கடுத்த நாள் கேட்க நீங்கள் இல்லை.

மறக்கவில்லை அண்ணி. மறந்திருந்தால் இவ்வளவு உறுத்தாது.

உங்கள் லெப்டொப் பழையது. புதிய அலுமாரி அதில் ஏறவில்லை, நீங்களே முயன்று பார்த்து விட்டுவிட்டீர்கள். மூன்றாம் அடையாளத்தைப் போட்டால் அந்த லெப்டொப் நம் டிஸ்க்கை இனித் திறக்காது. புதியதில் நான் அடித்ததெல்லாம் எண்களும் கட்டளைகளும்தான், பேச்சு எதுவும் எழுத உங்களுக்கு நேரம் இருக்கவில்லை. லெப்டொப்பில் இருக்கும் பழையதில், திரையில் வரும் வரிகளில் நீங்கள் பேசுவீர்கள். ஒரு பெயரை அடித்தால், "பொறுங்க, தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று வரும். கிடைக்காவிட்டால், "இந்தப் பேருல ஆள் இல்லையே, சரியா அடிச்சீங்களா?" என்று வரும். மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம், நான் டிஸ்க்கை லெப்டொப்பில் மாட்டி ஏதாவது ஒரு பெயரை வேண்டுமென்றே பிழையாக அடிப்பேன். நீங்கள் கேட்பீர்கள். அதை எப்படி நான் மூடுவது?

நான் பார்த்ததெல்லாம் பழைய படங்கள். முதல் சுற்றுப் படங்கள் அதில் ஒழுங்காகத்தான் வரும். அதனால் இத்தனை மாதம் ஒரு பிழையும் கண்ணில் படவில்லை. நாளைக்குப் போடலாம், அடுத்த கிழமை போடலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

போன மாதம் மறுபடி இடி விழுந்தது. டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை, கடைக் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் தருகிற பெட்டி கருகிவிட்டது. அன்று காலை நான் அம்மாவைக் கிளினிக்குக் கூட்டிப் போயிருந்தேன். அண்ணன் தனியாகக் கடை திறந்து, டிஸ்க்கைக் கழற்றி உங்கள் லெப்டொப்பில் மாட்டி வேலையைத் தொடங்கிவிட்டார். ஐடி கார்டுக்கு வந்த ஏழு பேரைப் படம் எடுத்துச் சேமித்தார். அப்போது லுணுகலைப் பக்கத் தோட்டத்திலிருந்து சவரிமுத்து மாமாவின் மகள் ஸ்டெல்லா அக்கா போன் பண்ணியிருக்கிறார். அப்பா இறந்துவிட்டார், பின்னேரம் அடக்கம், ரெண்டு மாதத்துக்கு முன்னால் நடந்த கல்யாணப் படத்தில் இருக்கிறார், பெரிசாக்கிப் பன்னிரண்டு மணி பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுங்கள் என்று.

அண்ணன் பெயரை அடித்தார். சிட்டை சரியாகத்தான் வந்தது. ஆனால் பழைய அலுமாரிக்குச் சுற்று என்று ஒன்று இருப்பதே தெரியாது. அது முதல் சுற்றில் அதே எண்ணுள்ள அறைக்குப் போய், அங்கே இருந்த வேறு யாருடைய கல்யாணத்தையோ எடுத்தது. ரெண்டாம் வரிசையில் வலது பக்கத்திலிருந்து மூன்றாம் ஆளை வெட்டிக் கொடுத்தது. நம் ஊர்க் கல்யாணப் படங்கள் எல்லாம் ஒரே மாதிரித்தானே? அதே இடத்தில், அதே வயதில், அதே வெள்ளைச் சட்டையில் ஒருவர் நின்றிருந்தார்.

நான் உள்ளே வந்தபோது அண்ணன் படத்துக்குத் தாள் சுற்ற எடுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இது அவரு இல்ல."

"பேரு போட்டிருக்குல்ல?"

"காது வேற."

"காதா? ஜெசி, பஸ் எடுக்கப் போறான். நகரு."

"அவருக்குக் காதுல துண்டு இருக்காது. இது அவரு இல்ல."

"அவ எழுதினது. அவ லெப்டொப். அது தப்பாக் காட்டுமா?"

அப்படிச் சொன்ன பிறகு அண்ணனும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் படம் பஸ்ஸில் போயிருந்தால், ஒரு செத்த வீட்டில், இன்னொருவரின் முகத்துக்கு மாலை போட்டு, தலைமாட்டில் வைத்துச் சனமெல்லாம் கும்பிட்டிருக்கும். அதுவும் உங்கள் கையால் செய்ததில் இருந்து வந்த முகம். நான் போனை எடுத்தேன். தெரியாத வீட்டுக்கு நானாகப் போன் பண்ணியது அதுதான் முதல் தடவை. பின்னால் ஒப்பாரி கேட்டது. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நேராகக் கேட்டுவிட்டேன்.

"அக்கா, அப்பாவுக்கு இடது காதுல ஒரு துண்டு இருக்காதா?"

அழுகையோடு, "ஆமாம்மா. தேயிலை கவ்வாத்து வெட்டுறப்ப கத்தி பட்டது. நான் சின்னப் புள்ளையா இருக்கும்போது. ஏன் கேக்குற?" என்றார்.

"படம் கொஞ்சம் பிந்தும் அக்கா. சரியான படத்தோட வரும்."

கீழே போன் திருத்துகிற கடைக்கு ஓடி, அவர்களின் கம்ப்யூட்டரில் இருந்தே கரண்ட் பெட்டியைக் கழற்றித் தரச் சொன்னேன். நம் கடைக் கம்ப்யூட்டர் எழும்பியது. மூன்றாம் முறை அலுமாரி சுற்றைப் படித்து, சரியான அறையைத் திறந்து, சவரிமுத்து மாமாவைக் கொண்டு வந்தது. ஒன்றரை மணி பஸ்ஸில் படம் போனது. மூன்றரைக்கு அடக்கம். ஸ்டெல்லா அக்கா பிறகு போன் பண்ணி, படம் நல்லா இருந்துச்சு என்று மட்டும் சொன்னார். முதலில் என்ன படம் வந்தது என்று நான் அவரிடம் சொல்லவில்லை. இதில் படித்துத் தெரிந்துகொள்ளட்டும். மன்னிக்கட்டும்.

அதோடு முடியவில்லை. அண்ணன் காலையில் எடுத்த ஏழு படங்களும் எங்கே போயின என்று பின்னேரம் தேடிப் பார்த்தேன். பழைய அலுமாரி, அடுத்த காலி அறையின் எண் இரண்டாம் சுற்றுக்கு உரியது என்று தெரியாமல், முதல் சுற்றில் அதே எண்ணுள்ள அறைகளில் அவற்றை எழுதியிருந்தது. இருக்கிறதன் மேல் எழுதவே கூடாது என்று நீங்கள் கட்டியதை, நான் ஓர் அடையாளம் போடாமல் விட்டதால், அதைக்கொண்டே எழுத வைத்துவிட்டேன்.

அங்கே முன்பு இருந்து அழிந்தவை எந்த ஏழு படங்கள் என்று சிட்டைகளைப் பார்த்தேன். கடைக்குப் புதிய லைட் வந்த அன்று எடுத்தவை. கொழுந்து எடுக்கிற அக்காமார் ஆறு பேர் ஐடி கார்டுக்கு வந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால், லைட்டைச் சரி பார்க்க என்னை உட்கார வைத்தீர்கள். நான் கையால் முகத்தை மறைத்துக்கொண்டேன். "பரவாயில்ல, விரல் இடுக்குல ஒரு கண்ணு தெரியுது" என்று அப்படியே எடுத்தீர்கள். அந்தப் படத்தில் நான் எப்படி இருந்தேன் என்று பார்த்தது நீங்கள் மட்டும்தான். பிறகு பார்க்கிறேன், பார்க்கிறேன் என்று நான் அதைத் திறக்கவே இல்லை.

என் படம் போனதற்கு நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. அந்த ஆறு பேரிடம் கேட்க வேண்டும்.

அன்றே அடையாளத்தைப் போட்டேன். அண்ணன் பக்கத்தில் நின்றார். ஒரே ஒரு எண்தான் மாற்ற வேண்டும். ஒரு நிமிஷ வேலை. பிறகு டிஸ்க்கை லெப்டொப்பில் மாட்டிப் பார்த்தோம். "இது எனக்குத் தெரியாத முறை. நான் தொடல, நீங்களும் தொடாதீங்க" என்று நீங்கள் சொன்னீர்கள். அண்ணன் அதை இரண்டு தடவை வாசித்தார். பிறகு வெளியே போய் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். நீங்கள் ஏன் அதை நீங்களே போடவில்லை அண்ணி? டிஸ்க்கை ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வரச் சொல்லியிருந்தால் கொண்டு வந்திருப்பேனே. எனக்கு அது கஷ்டமாக இருக்கும் என்று தெரிந்துதான் என்னிடம் விட்டீர்களா, அல்லது உங்களுக்கும் கஷ்டமாக இருந்ததா?

ஆறு பேரில் ஐந்து பேரை இரண்டு ஞாயிறில் பார்த்துவிட்டேன். நானே தோட்டத்துக்குப் போய், லயத்து வாசலில் நிற்க வைத்துப் படம் எடுத்தேன். ஒரு அக்கா, "பழைய படத்துல நான் பேய் மாதிரி இருந்தேன், போனதே நல்லது" என்றார். இன்னொருவர் சேலை மாற்றிக்கொண்டு வர ஒரு மணி நேரம் எடுத்தார்.

ஆறாவது செல்லம்மா அக்கா. அவர் போன வருஷம் இறந்துவிட்டார். அந்த வீட்டுக்குத்தான் முதலில் போயிருக்க வேண்டும். கடைசியாகத்தான் போனேன், நேற்று. அவர் மகள் புஷ்பம் அக்கா வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். உட்காரச் சொல்லுமுன்பே நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"வருஷத்துக்குப் பெருசாக்கி மாட்டலாம்னு இருந்தோமே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

"ஐடி கார்ட் இருக்குமா அக்கா?"

"சாவு பதியப் போனப்ப அதயும் குடுத்துட்டோம்."

பிளந்து கிடந்த விறகை எடுத்து ஓரமாக அடுக்கினேன். பிறகு நான் கேட்டேன்.

"அம்மா யார் யார் கல்யாணத்துக்குப் போனாங்க?"

"அவங்க போகாத கல்யாணம் எது? சொல்லாட்டியும் போவாங்க. போட்டோ எடுக்கறப்ப மட்டும் பின்னால போய் ஒளிஞ்சுக்குவாங்க" என்று சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விரல் விட்டு ஒன்பது கல்யாணம் சொன்னார். பச்சைச் சேலை கட்டியது நான்காவதிலா ஐந்தாவதிலா என்று பக்கத்துக் காம்பராவில் இருந்த சித்தி வந்து சண்டை பிடித்தார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

அந்த ஒன்பதும் இதுவரை யாரும் கேட்டுத் திறக்காத கல்யாணங்கள், அண்ணி. எல்லாம் உங்கள் முதல் முறைச் சிட்டைகள். மாப்பிள்ளை பெயரைத் தவிர அவற்றில் வேறு பெயர் இல்லை.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நான்காம் முறை என்று ஒன்று வரும், வராமல் இருக்காது. அன்று முதலில் அடையாளத்தைப் போட்டுவிட்டுத்தான் மற்ற வேலையில் கை வைப்பேன். எதை மூட வேண்டியிருந்தாலும் சரி. புதிய அலுமாரிக்குப் பேச்சும் நானே எழுதுவேன். உங்களைப் போல எழுத வராது, எனக்கு வருகிற மாதிரி எழுதுவேன்.

இன்று காலை எட்டரை பஸ்ஸில் வந்து, அண்ணனை முன்னால் வருகிறவர்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, புஷ்பம் அக்கா சொன்ன முதல் கல்யாணத்தைத் திறந்தேன். கடைசி வரிசையில், இடது பக்கத்திலிருந்து, ஒவ்வொரு ஆளாகப் பார்க்கத் தொடங்கினேன்.

உங்கள் நாத்தனார்,
ஜெசி